அரை கிலோ அருகம்புல்!

புல் வளர்ப்பதற்காக யாராவது ஆபீஸுக்கு லீவு போடுவார்களா? நான் போட்டேன். பொங்கலுக்குக் கிடைத்த லீவோடு 'காய்ச்சல்' என்று இரண்டு நாள் ஒட்டுப் போட்டுக் கொண்டு, தாம்பரத்தில் பஸ் ஏறி, செங்கல்பட்டில் மாறி, உத்திரமேரூரில் இறங்கியபோது என் பையில் இருந்த சொத்து விவரம்: ரப்பர் கையுறை ஒரு ஜோடி, பல் பல்லாக இருக்கும் இரும்பு வாரி ஒன்று, புல் விதை அரை கிலோ.

எல்லாம் எங்கள் செக்‌ஷன் ஹெட்டால் வந்த வினை. மனுஷர் ஓ.எம்.ஆர். பக்கம் வில்லா வாங்கிவிட்டார். கிரகப்பிரவேசத்துக்குப் போனோம். வாசலில் ஒரு பாய் விரித்த அளவுக்குப் புல்தரை. "செருப்பைக் கழட்டிட்டு நடந்து பாருங்கப்பா" என்றார். நடந்தேன். உள்ளங்காலில் ஏறிய ஜில், நேராக மூளைக்குப் போய் உட்கார்ந்து கொண்டது. ஒரு கோடி ரூபாய் கொடுத்தவருக்கே ஒரு பாய் அளவுதான். எனக்கோ ஊரில் வீட்டு வாசலில் முப்பதடிக்கு இருபதடி சும்மா கிடக்கிறது!

அன்று ராத்திரியே இன்டர்நெட்டில் தேடினேன். ஸ்வெட்டர் போட்ட ஒரு வெள்ளைக்கார மாமா கிடைத்தார். குளிர்காலம் முடிந்து வசந்தம் வருகிறதாம், தூங்கிக் கொண்டிருக்கும் புல்லைத் தட்டி எழுப்ப வேண்டுமாம். முதலில் செத்த புல்லை வாரி எடு. அப்புறம் மண்ணில் துளை போடு. சொட்டை விழுந்த இடத்தில் விதை தூவு. உரம் போடு. தண்ணீர் விடு. முடிந்தது! ஆபீஸ் டைரியில் வரிசையாக எழுதிக் கொண்டேன். நமக்கும் மார்கழிக் குளிர் முடிந்து தை பிறக்கப் போகிறது. அதே கணக்குதானே?

அதே கணக்கு இல்லை சார். அதைப் புரிந்து கொள்ள எனக்கு ஏழு மாதமும், இரண்டு உறைத் தண்ணீரும், ஓர் அம்மாவின் கோபமும் செலவாயிற்று.

*

எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம். வாசலில் அந்த முப்பதுக்கு இருபது. அம்மா வடகம், வற்றல் காய வைக்கிற இடம். பின்னால் கொல்லை. ஓர் உறைக்கிணறு, இரண்டு தென்னை, வாழை, முருங்கை, கறிவேப்பிலை, செம்பருத்தி, கிணற்றடியிலிருந்து வேலி வரைக்கும் எட்டு குண்டுமல்லிச் செடி. கொல்லை முழுக்க அப்பா டிபார்ட்மென்ட். 2022-ல் அப்பா போய்விட்டார். அதற்கப்புறம் அம்மா தனி ஆள். நான் சனிக்கிழமை சனிக்கிழமை வந்து துணி துவைக்கப் போட்டுவிட்டு, சாப்பிட்டுவிட்டு, தூங்கிவிட்டுப் போகிற ஆள்.

போகி அன்று காலை கையுறையை மாட்டிக் கொண்டு வாசலில் இறங்கினேன். ஐப்பசி, கார்த்திகை மழை விட்டுப் போன சீதனம் மொத்தமும் அங்கே இருந்தது. கோரை, அருகு, குப்பைமேனி, மூக்கிரட்டை, நாயுருவி, நடுவில் நாலைந்து பார்த்தீனியம். வெள்ளைக்கார மாமாவின் வாரியை வைத்து ஓர் இழு இழுத்தேன். இரண்டு பல் வளைந்தது. புல் அப்படியே இருந்தது.

"ஏன்டா, போகிக்குப் பழசைக் கழிக்கிறதுன்னா கிழிஞ்ச பாயைக் கொளுத்துவாங்க. நீ எதுக்கு மண்ணைப் போட்டுப் பிறாண்டறே?" என்றாள் அம்மா.

வாரியை மூலையில் போட்டுவிட்டு அப்பாவின் களைக்கொத்தை எடுத்தேன். அருகம்புல் இருக்கிறதே, அது புல் இல்லை, பாதாள ரயில். இங்கே பிடித்து இழுத்தால் நாலடி தள்ளி மண் விரிகிறது. கோரை அதற்கும் மேல். மேலே இருக்கும் இலையைப் பிடுங்கினால் சாதுவாகக் கையோடு வந்துவிடும். கீழே ஜபமாலை மாதிரி கோத்துக் கொண்டிருக்கும் கிழங்கு அப்படியே தங்கி, பத்தாம் நாள் மறுபடி தலை தூக்கும். உலகத்திலேயே மோசமான களை என்று விவசாய விஞ்ஞானிகளிடம் பட்டம் வாங்கியது அது. இரண்டு நாளில் என் உள்ளங்கையில் ஆறு கொப்புளம். மாட்டுப் பொங்கலன்று கரும்பைக்கூட ஒழுங்காகப் பிடித்துக் கடிக்க முடியவில்லை.

காணும் பொங்கலன்று ஊரே வெளியில் சுற்றக் கிளம்பியபோது, கொத்திப் போட்ட மண்ணில் நான் விதை தூவினேன். பாக்கெட்டில் பச்சைப் பசேலென்று ஒரு படம், மேலே 'பெர்முடா கிராஸ்' என்று கொட்டை எழுத்து. விலையைச் சொல்லவில்லை. அம்மாவும் இதைப் படிப்பாள்.

கிணற்று மோட்டாரிலிருந்து ஹோஸ் பைப்பை இழுத்து வந்து நனைத்தேன். காலையில் ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை என்று அம்மாவுக்கு டியூட்டி போட்டுவிட்டு மெட்ராஸ் திரும்பினேன்.

பன்னிரண்டாம் நாள் போன். "முளைச்சிருக்குடா!"

*

அந்தச் சனிக்கிழமை சீட்டின் நுனியிலேயே உட்கார்ந்து வந்தேன். இறங்கி ஓடினால், ஆமாம், மெல்லிசாக ஒரு பச்சை. மண்டி போட்டு உட்கார்ந்து ரசித்துக் கொண்டிருந்தபோது எதிர் வீட்டுத் தாத்தா சைக்கிளை நிறுத்தினார். எழுபதைத் தாண்டியும் சைக்கிளை விடாதவர், அப்பாவுக்குக் கொல்லை வேலையில் குரு மாதிரி.

"இன்னா தம்பி, இன்னா போட்டுக்கீற?"

"லான் தாத்தா. பெர்முடா புல். வெளிநாட்டு ரகம்."

குனிந்து ஒரு நாற்றைக் கிள்ளினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். மோந்து பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"இது அருகம்புல்லுடா."

"இல்ல தாத்தா, பாக்கெட்ல..."

"நம்ம பிள்ளையாருக்குப் போடற அருகம்புல்லுடா!"

உள்ளே போய்க் குப்பைக் கூடையிலிருந்து பாக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். மூலையில் பொடி எழுத்தில் 'சைனோடான் டாக்டிலான்' என்று தாவரவியல் பெயர். போனில் அந்தப் பெயரைத் தட்டித் தமிழ்ப் பெயரைத் தேடினேன். வந்தது: அருகம்புல்.

கடைக்காரர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஊர் ஊராகக் கோல்ஃப் மைதானத்திலும் கிரிக்கெட் மைதானத்திலும் பெர்முடா என்று கொண்டாடுகிற புல்லுக்கு இங்கே பெயர் அருகு. மைதானத்துக்காரர்கள் பொறுக்கியெடுத்த ரகமும், கலப்பின ரகமும் போடுகிறார்கள். என் பாக்கெட்டில் இருந்தது சாதா ரகம். ஆக, இரண்டு நாள் கை கொப்புளிக்கப் பிடுங்கி எறிந்த அதே புல்லைத்தான், நாலாம் நாள் காசு கொடுத்து வாங்கித் தூவியிருக்கிறேன். ஆபீஸில் இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

தாத்தா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "தோட்ட வாரியம் இருந்த ஊருடா இது. உன்னையெல்லாம் அதுல சேர்த்திருப்பானுங்களா?" என்று கேட்டுவிட்டு சைக்கிளை மிதித்தார்.

*

அவர் சொன்னது உறைத்தது. உத்திரமேரூரில் பிறந்தவன் என்று பெயர்தானே தவிர, வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டை ஸ்கூல் பையன்களோடு வரிசையில் போய்ப் பார்த்ததோடு சரி. அன்று சாயங்காலமே போனேன்.

குடவோலை கல்வெட்டை உங்களுக்குத் தெரியும். சோழன் முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் பொறித்தது. ஊரை முப்பது குடும்பாகப் பிரித்து, தகுதியானவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒன்றும் அறியாத ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்ன கதை. 'ஜனநாயகத்தின் தொட்டில்' என்று மேடையில் பேசுவதெல்லாம் இதை வைத்துத்தான். மேடையில் பேசுகிறவர்கள் சாதாரணமாகத் தாண்டிப் போகிற ஒரு சமாசாரம், அப்படித் தேர்ந்த முப்பது பேர் என்ன ஆனார்கள் என்பது.

பன்னிரண்டு பேர் சம்வத்சர வாரியம், அதாவது ஆண்டு வாரியம். பன்னிரண்டு பேர் தோட்ட வாரியம். மீதி ஆறு பேர் ஏரி வாரியம். முந்நூற்று அறுபது நாள் பதவி. ஆண்டு வாரியத்தில் யாரைப் போடுவது? ஏற்கெனவே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் பார்த்தவர்கள், படிப்பில் பெரியவர்கள், வயதில் பெரியவர்கள். புரிகிறதா? தோட்டத்தையும் ஏரியையும் பார்த்துக் கொண்டது ப்ரமோஷனுக்கு ஒரு தகுதி! முப்பதில் பதினெட்டுப் பேருக்குத் தோட்டமும் தண்ணீரும்தான் உத்தியோகம்.

என் தகுதியைச் சரி பார்த்தேன். கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம் வேண்டும். இல்லை. சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். நான் குரோம்பேட்டையில் ஒண்டுக்குடித்தனம். வயது 35-க்கு மேல், 70-க்குள். எனக்கு 29. வேத சாஸ்திரம் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு எக்ஸெல் ஷீட் தெரியும். முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவன் நிற்கவே கூடாது. அவன் மட்டுமல்ல, அவனுடைய பெரியம்மா, சித்தி, அத்தை பிள்ளைகள், மாமன், மாமனார், மச்சான் என்று உறவுமுறை மொத்தத்துக்கும் கதவு சாத்து. ஆறு மாதமாக டூர் பில் செட்டில் பண்ணாத நான், என் மச்சான் பிழைப்பிலும் மண் போட்டிருப்பேன்.

ஆனால் சிரித்துவிட்டு வர முடியவில்லை. தோட்டத்துக்குப் பன்னிரண்டு, ஏரிக்கு ஆறு என்று ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறார்களே, அது மனசில் சுற்றிச் சுற்றி வந்தது. ஊர்ப் பெரிய ஏரிக்குக் கல்வெட்டுகளில் வைரமேக தடாகம் என்று பெயர். பல்லவர் காலத்துப் பெயர். ஏரி இல்லாமல் இங்கே தோட்டம் ஏது? நான் தோட்ட வாரியத்தை மட்டும் கையில் எடுத்துக் கொண்டு, ஏரி வாரியத்தை மறந்து விட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது, அம்மா கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து எண்ணிக் கொண்டிருந்தாள்.

*

உறைக்கிணறு வைத்திருப்பவர்களுக்கு மீட்டர் தேவையில்லை. தண்ணீருக்கு மேலே எத்தனை உறை தெரிகிறது என்று எண்ணினால் போதும். "தை மாசத்துல அஞ்சு உறை தெரியும். இப்ப ஏழு தெரியுது" என்றாள் அம்மா. குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

டைரியை எடுத்து, வெள்ளைக்கார மாமாவின் குறிப்புக்குக் கீழேயே கணக்குப் போட்டேன். முப்பதுக்கு இருபது, அறுநூறு சதுர அடி. அதாவது சுமார் 56 சதுர மீட்டர். நம்ம ஊர் வெயிலில் புல்தரை ஒரு நாளைக்குச் சுமார் 5 மில்லி மீட்டர் தண்ணீர் குடிக்கும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லி மீட்டர் என்பது ஒரு லிட்டர். ஆக, நாளைக்கு 280 லிட்டர். பதினைந்து லிட்டர் பிளாஸ்டிக் குடத்தில் பத்தொன்பது குடம்! வீட்டு மொட்டை மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் டேங்க் நாலே நாளில் காலி. இதை மாசியில் ஆரம்பித்து ஆடி வரைக்கும் ஊற்ற வேண்டும். அம்மா ஒற்றை ஆள். ஒரு நாளைக்குக் குடிக்க, குளிக்க, சமைக்க எல்லாம் சேர்த்து இதில் பாதிகூடச் செலவு பண்ண மாட்டாள்.

எங்கே தப்பு என்று தாத்தா திண்ணையில் வைத்துத்தான் விளங்கியது. அந்த வெள்ளைக்கார மாமாவின் ஊரில் புல்லுக்குக் கஷ்டகாலம் பனி. பனி விலகினால் வசந்தம். அவர் வாருவதும் துளை போடுவதும் அதற்கு. நம்ம ஊரில் மார்கழிப் பனியில் புல் தூங்குவதே இல்லை. குளித்துவிட்டு வந்த பிள்ளை மாதிரி பளபளவென்று இருக்கிறது. நம்ம அருகம்புல் தூங்கப் போவது சித்திரையில். மேலே காய்ந்து பழுப்பாகிவிடும், செத்துப் போச்சு என்று நினைப்போம். கீழே கொடியும் வேரும் உயிரோடு காத்திருக்கும். ஆடி, ஆவணியில் நாலு மழை விழுந்தால் எழுந்து உட்காரும். ஆக, நம்ம புல்லுக்குக் கோடைதான் குளிர்காலம். ஆடிதான் வசந்தம். நான் வசந்தம் என்று நினைத்து விதை தூவியது, கும்பகர்ணன் படுக்கப் பாய் விரிக்கிற நேரத்தில்!

பஞ்சாங்கக் கணக்கிலும் சித்திரை, வைகாசிக்கு இளவேனில் என்று பெயர். கத்தரி வெயிலும் அதே இளவேனிலில்தான் வருகிறது. பெயர் வைத்தவர் மதியம் ஒரு மணிக்கு உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் நின்றிருக்க மாட்டார்.

"அப்ப தையில கொல்லைக்கு வேலையே இல்லையா தாத்தா?"

"யார் சொன்னது? தையிலதான்டா வேலை. மழை குடுத்துட்டுப் போன ஈரம் மண்ணுல கீது. அதை ஆடி வரைக்கும் காபந்து பண்ணணும். அதான் வேலை. உங்கப்பன் பண்ணலையா?"

*

பண்ணினார். நான்தான் பார்த்துக் கொண்டு சும்மா இருந்தேன்.

2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டுக்குப் பெரிய நாமம் போட்டது. வழக்கத்தைவிட 62 சதவிகிதம் குறைவு. டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் வந்து மரத்தைச் சாய்த்துவிட்டுப் போனதே தவிர, குறை தீரவில்லை. 2017 கோடையில் எங்கள் கிணற்றில் உறை எண்ணவே தேவை இல்லாமல் போயிற்று. அடி தெரிந்தது. நான் அப்போது காலேஜ். லீவுக்கு வந்தால், அப்பா லாரித் தண்ணீரில் குளித்த தண்ணீரை ஒரு தொட்டியில் பிடித்து, செம்பு செம்பாக மல்லிச் செடிக்கு ஊற்றிக் கொண்டிருப்பார். சோப்பு போட்டுக் குளிக்க மாட்டார். "செடிக்கு ஆகாது" என்பார். எனக்குச் சிரிப்பாக இருந்தது. முழம் பூ கடையில் கிடைக்காதா என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. எட்டுச் செடியும் பிழைத்தன.

அந்த எட்டுச் செடியை இப்போது தாத்தாவோடு போய்ப் பார்த்தேன். ஆள் உயரத்துக்குக் கண்டபடி வளர்ந்து, உள்ளுக்குள் காய்ந்த குச்சி, வெளியில் இலைக் கும்பல். இரண்டு வருஷமாகப் பூ குறைந்து போச்சு என்று அம்மா சொன்னது ஞாபகம் வந்தது.

"கவாத்து பண்ணலை. உங்கப்பன் போனப்புறம் இதுமேல கத்தி படல. மல்லி புதுத் துளிர்லதான்டா பூக்கும். பழைய குச்சியை வெச்சுக்கினு இன்னா பண்றது?" என்றார் தாத்தா.

கார்த்திகையில், நவம்பர் கடைசி வாரத்தில் வெட்டுவதுதான் முறை. நாங்கள் இரண்டு மாதம் லேட். தையைத் தாண்டினால் இந்த வருஷப் பூவை மறக்க வேண்டியதுதான் என்றார். அப்பாவின் கவாத்துக் கத்திரி கோணிப்பையில் சுற்றி, எண்ணெய் தடவி, பரணில் அப்படியே இருந்தது.

அம்மாவிடம் சொன்னேன். "வேணாம்" என்றாள்.

"அப்பாவும் வெட்டுவாரே..."

"அவர் வெட்டுவார். நீ வெட்டினா செத்துப் போயிடும்."

இதற்கு என்ன பதில் சொல்வது? அரை கிலோ அருகம்புல் வாங்கினவன் நான். அவள் பயத்தில் நியாயம் இருந்தது. தாத்தாதான் கூடத்து வாசலில் நின்று, "நான் பக்கத்துல நின்னு சொல்றேம்மா" என்றார். அம்மா, "உங்க இஷ்டம் மாமா" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக் கொண்டாள்.

வெட்டினேன். தரையிலிருந்து ஐம்பது சென்டி மீட்டர், அதாவது முழங்கால் உயரம் மட்டும் விட்டு, மேலே எல்லாம். காய்ந்தது, நோய் பட்டது, ஒன்றன் மேல் ஒன்று குறுக்கே போனது, எல்லாம். மீதிக் குச்சியில் இருந்த இலையையும் உருவச் சொன்னார். ஒவ்வொரு வெட்டுக்கும் 'க்ளிக்' என்று சத்தம். உள்ளே அம்மா கேட்டுக் கொண்டிருப்பாள் என்று தெரியும். இரண்டு மணி நேரத்தில் பச்சையாக இருந்த இடத்தில் எட்டு மொட்டைக் குச்சிக் கட்டு நின்றது. பார்க்கவே வயிற்றைக் கலக்கியது.

அப்புறம்தான் கொல்லை வேலை சூடு பிடித்தது. செடியைச் சுற்றிக் கொத்தி வட்டப்பாத்தி கட்டி, ஒரு செடிக்குப் பத்து கிலோ தொழு உரம், இரண்டு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. மேலே மூடாக்கு. போகிக்குக் கொளுத்தாமல் விட்ட சருகு, வாழை மட்டை, கவாத்தில் விழுந்த இலை எல்லாவற்றையும் நாலு விரல் கனத்துக்குப் பரப்பினோம். தண்டை ஒட்டி மட்டும் கொஞ்சம் இடம் விட வேண்டும், இல்லாவிட்டால் அழுகும். இந்தப் போர்வை இருந்தால் வெயில் மண்ணைத் தொடாது. மூன்று நாளைக்கு ஒரு தரம் விடுகிற தண்ணீரை ஆறு நாளைக்கு ஒரு தரம் விட்டால் போதும் என்பது தாத்தாவின் கணக்கு. அம்மா உறை எண்ணிப் பார்த்துச் சரிதான் என்று பிற்பாடு ஒப்புக் கொண்டாள்.

தென்னையைச் சுற்றி வட்டமாகக் காண எடுத்து, தேங்காய் மட்டையைக் குழிந்த பக்கம் மேலே பார்க்கும்படி அடுக்கி மூடினோம். மழைத் தண்ணீரைக் கிண்ணம் மாதிரி பிடித்து வைத்துக் கொள்ளும். கறிவேப்பிலைக் கன்றுக்குப் பக்கத்தில் கழுத்து வரைக்கும் ஒரு மண்பானையைப் புதைத்து, தண்ணீர் ஊற்றித் தட்டுப் போட்டு மூடினார் தாத்தா. பானை கசிந்து கசிந்து வேருக்குக் கொடுக்கும். சொட்டு நீர்ப் பாசனத்தின் கொள்ளுத் தாத்தா! பாத்திரம் கழுவும் இடத்திலிருந்து வாழைக்கு ஒரு வாய்க்கால் வெட்டினேன். என்னுடைய சொந்த ஐடியா அது ஒன்றுதான். அதுவும் அப்பா வெட்டி, தூர்ந்து போன பழைய வாய்க்கால் என்று தோண்டும்போது தெரிந்தது.

வாசல் புல்லுக்குத் தண்ணீரை நிறுத்தினேன். ஹோஸ் பைப்பைச் சுருட்டி மாட்டியபோது அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அந்த இடத்தில் பழையபடி வடகம் காய்ந்தது.

*

மாசி முழுக்க ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ்ஸிலிருந்து நேராகக் கொல்லைக்கு ஓடினேன். முதல் வாரம் குச்சி. இரண்டாவது வாரமும் குச்சி. அம்மா என் முகத்தைப் பார்க்காமல் சாதம் போட்டாள். ஆபீஸில் பாலன்ஸ் ஷீட் டேலி ஆகாத நாளில்கூட நான் இவ்வளவு பயந்ததில்லை. மூன்றாவது வாரம் போன் வந்தது. "கிணத்தடி செடியில துளிர் விட்டிருக்கு" என்றாள். நான் "சரி" என்றேன். அதற்கு மேல் பேச முடியவில்லை. ஆபீஸில் மொட்டை மாடிக்குப் போய் ஒரு டீ குடித்தேன்.

பங்குனி கடைசியில் மொட்டு வந்தது. ஒன்பது மாதம் சும்மா இருந்துவிட்டுக் கடைசியில் எல்லாம் ஒரே நாளில் என்கிற மாதிரி, எட்டுச் செடியிலும். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. இருக்கட்டும். எங்கள் கிணற்றடி மல்லிக்கு அன்றைக்குத் தெரு முழுக்கக் குறியீடு.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் அம்மா முறத்தை எடுத்துக் கொண்டு வந்து பறித்தாள். நானும் பறித்தேன். கூடத்தில் உட்கார்ந்து வாழை நாரில் தொடுத்தாள். நான் தொடுத்த ஒரு சாண் அவிழ்ந்து போயிற்று. அதையும் பிரித்து அவளே தொடுத்தாள். கோயிலுக்கு இரண்டு முழம், தாத்தா வீட்டுப் பேத்திக்கு ஒரு முழம், அப்பா படத்துக்கு ஒரு முழம். அப்புறமும் ஒரு முழம் மீந்தது.

"இது உனக்கும்மா" என்றேன்.

"எனக்கெதுக்குடா" என்றாள். பொம்மனாட்டிக்குப் புருஷன் போனால் பூ கூடாது என்று எவனோ போட்ட சட்டம் எங்கள் தெருவில் இன்னும் அமலில் இருக்கிறது. நான் வாதாடவில்லை. வாதாடத் தெரியவில்லை. அவளும் அந்தப் பூவை யாருக்கும் கொடுக்கவில்லை. ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது பார்த்தேன். தலைமாட்டில் ஒரு கிண்ணத்தில் வைத்துக் கொண்டு தூங்கிக் கொண்டிருந்தாள்.

*

வாசல் புல்? சித்திரையில் சுருண்டது. வைகாசியில் பிரவுன் கலரானது. செக்‌ஷன் ஹெட், "என்னப்பா, ஊர்ல லான் போட்டியாமே, போட்டோ காட்டு" என்று கேட்டபோது, "அது இப்ப தூங்குது சார்" என்றேன். டூர் பில்லைச் செட்டில் பண்ணச் சொன்னார்.

ஆடியில் இரண்டு நாள் நல்ல மழை. மூன்றாம் நாள் காலை மீட்டிங்கில் இருக்கும்போது அம்மாவிடமிருந்து போன்.

"டேய், உன் புல்லு எழுந்துக்கிச்சுடா. வாசல் முழுக்கப் பச்சை. தண்ணியே ஊத்தல!"

"அப்படியா!"

"பிள்ளையார் சதுர்த்தி வருது. கோயில் குருக்கள் அருகம்புல் கேட்டாரு. நம்ம வாசல்ல இருந்து பறிச்சுக்கச் சொல்லட்டுமா?"

"எவ்வளவு கேட்டார்?"

"அரை கிலோ இருந்தா போதுமாம்."